ஆஃப்-கிரிட் சோலார்: கணக்கு எங்கே தொடங்குகிறது?

"மூன்று கிலோவாட் போட்டால் ஒரு வீட்டுக்குப் போதுமா?" சோலார் என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி இது. இதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கேள்வியே பாதிதான். அந்த வீட்டில் என்னென்ன ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, வெயில் குறைந்த மாதத்தில் அங்கே எவ்வளவு வெயில் கிடைக்கும் என்ற மீதிப் பாதியும் வந்தால்தான் பதில் வரும்.

இதற்கு அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழுவது, "பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, இன்னொன்று சேர்த்தால் சரியாகிவிடும்" என்ற யோசனை. பெரும்பாலும் சரியாகாது. சில சமயம் இருக்கிற பேட்டரியும் சேர்ந்து கெட்டுப்போகும். ஏன் அப்படி என்பதைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை. சூத்திரம் என்று பார்த்தால் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

எது ஆஃப்-கிரிட்?

கூரையில் பேனல் இருந்தாலே கரண்ட் போனாலும் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பேட்டரி இல்லாத, ஊர் மின்கம்பியோடு சேர்ந்து ஓடும் அமைப்பாக இருந்தால், கம்பியில் மின்சாரம் நின்ற அடுத்த கணமே அதுவும் தானாக நின்றுவிடும். நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும் வீடு இருட்டுதான். கம்பியைப் பழுதுபார்க்க ஏறியவர் மேல் உங்கள் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டருக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு அது.

ஆஃப்-கிரிட் என்றால் அந்தக் கம்பியே கிடையாது. பேனல் மின்சாரம் தருகிறது, பேட்டரி சேர்த்து வைக்கிறது, இன்வெர்ட்டர் அதை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. கம்பி உள்ள வீட்டில் கணக்கு பிசகினால் பில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இங்கே கணக்கு பிசகினால் இரவு இரண்டு மணிக்கு ஃபேன் நின்றுவிடும்.

தினக்கூலிக் குடும்பத்தின் வரவுசெலவு

ஆஃப்-கிரிட் அமைப்பை ஒரு தினக்கூலிக் குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த நாளில் கூலி வரும், கிடைக்காத நாளில் வராது. செலவு மட்டும் தினமும் உண்டு. நடுவில் ஒரு உண்டியல் இருக்கிறது. நல்ல நாளில் மிஞ்சியதை அதில் போட்டு, வேலை இல்லாத நாளில் எடுத்துச் செலவு செய்கிறார்கள். கடன் கொடுக்க யாரும் இல்லை.

பேனல்தான் கூலி, வீட்டுக் கருவிகள் செலவு, பேட்டரி உண்டியல். வாரம் முழுக்க வரவைவிடச் செலவு அதிகமாக இருக்கும் குடும்பத்துக்குப் பெரிய உண்டியல் வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? உண்டியல் பெரிதாகும், உள்ளே காசு இருக்காது. பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பகலில் வந்ததை இரவுக்கு நகர்த்துவது மட்டுமே அதன் வேலை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் கணக்குதான்.

வாட் வேறு, வாட்-அவர் வேறு

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வாட் என்பது ஒரு கருவி இந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறது என்பதன் அளவு. வாட்-அவர் என்பது மொத்தம் எவ்வளவு இழுத்தது என்பதன் அளவு. 10 வாட் பல்பு 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-அவர். 1000 வாட்-அவர் சேர்ந்தால் மின் பில்லில் பார்க்கும் ஒரு யூனிட்.

பேனலையும் இன்வெர்ட்டரையும் வாட்டில் விற்கிறார்கள், பேட்டரியை ஆம்ப்-அவரில் விற்கிறார்கள். ஆம்ப்-அவரை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர் வந்துவிடும். 12 வோல்ட், 150 ஆம்ப்-அவர் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கிறது. 51.2 வோல்ட், 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரியில் 5120 இருக்கிறது. 150 என்ற எண்ணைப் பார்த்து முதலாவதுதான் பெரியது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

முதலில் செலவுப் பட்டியல்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் வீட்டின் ஒரு நாள் செலவை எழுத வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். 9 வாட் எல்இடி பல்பு ஐந்து, தினம் 5 மணி நேரம்: 225 வாட்-அவர். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை ஃபேன், 30 வாட், இரண்டு, 10 மணி நேரம்: 600. லேப்டாப் 60 வாட், 5 மணி நேரம்: 300. ரவுட்டர் 10 வாட், நாள் முழுக்க: 240. ஃப்ரிட்ஜுக்கு வாட்டை வைத்துக் கணக்குப் போட முடியாது, ஏனென்றால் அதன் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். அதன் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும், அதை 365-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நாளைக்கு 1000 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் 2365.

பட்டியலில் யாரும் எழுதாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் இன்வெர்ட்டர். வீட்டில் எதுவுமே ஓடாவிட்டாலும், உயிரோடு இருப்பதற்கென்றே அது கொஞ்சம் தின்னும். 20 வாட் என்று வைத்தால்கூட 24 மணி நேரத்தில் 480 வாட்-அவர், அதாவது நம் இரண்டு ஃபேனுக்கு ஆகும் செலவில் முக்கால் பங்குக்கும் மேல். ஒரு வேளை தேவைப்படலாம் என்று 5 கிலோவாட் இன்வெர்ட்டரை வாங்கி, அதில் நாலு பல்பு எரிக்கிற வீடுகளில், பல்புகளைவிட இன்வெர்ட்டர்தான் அதிகம் சாப்பிடும். வாங்குவதற்கு முன் அதன் விவரத் தாளில் லோடு இல்லாதபோது எவ்வளவு இழுக்கும் என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

ஆக மொத்தம் 2845. நாளொன்றுக்கு 2850 வாட்-அவர் என்று வைத்துக்கொள்வோம். இதே வீட்டில் 75 வாட் பழைய ஃபேன்கள் ஓடியிருந்தால் இன்னும் 900 கூடியிருக்கும். இந்த 900-ஐ ஈடுகட்டப் பேனலும் பேட்டரியும் வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது பெரும்பாலும் மலிவு. ஆஃப்-கிரிட்டில் செலவைக் குறைப்பதுதான் எப்போதும் முதல் முதலீடு.

பேனல் என்ன தரும்?

400 வாட் பேனல் என்றால் 400 வாட் தரும் என்பது சோதனைக்கூடத்துப் பேச்சு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் என்ற நிபந்தனையில் அளந்த எண் அது. வெளியே வெயிலில் கிடக்கும் செல் 60 டிகிரியை எளிதாகத் தொடும். சிலிக்கான் செல்லில் 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். 35 டிகிரி ஏறினால் 12 முதல் 14 சதவீதம் போச்சு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. குளிர்ந்த காற்றடிக்கும் தெளிவான நாள்தான் அதற்குப் பொன்னாள். அதனால் கூரையோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்று போக இடம் விடுங்கள்.

அடுத்தது உச்ச வெயில் நேரம். காலையில் மெல்லிய வெயில், மதியம் கடுமையான வெயில், மாலையில் மறுபடி மெல்லியது. இந்த முழு நாள் வெயிலையும் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற உச்ச அளவிலேயே அடித்ததாகச் சுருக்கினால் எத்தனை மணி நேரம் வரும் என்பதுதான் இந்த எண். சூரியன் 12 மணி நேரம் வானத்தில் இருந்தாலும் இது 3 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். எந்த இடத்துக்கும் மாதவாரியான கணக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மாதவாரியாகப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. வருடச் சராசரியை எடுத்துக்கொண்டு அமைத்தால் வருடத்தில் சில மாதங்கள் நிச்சயம் பற்றாக்குறை வரும். மிக மோசமான மாதத்தைத்தான் எடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 3.5 மணி நேரம் என்று கொள்வோம். வெப்பம், தூசி, ஒயர், இன்வெர்ட்டர், பேட்டரி என்று வழியில் கசிவது போக 70 சதவீதம் வந்து சேரும் என்று வைத்தால், 2850-ஐ 3.5-ஆலும் 0.7-ஆலும் வகுக்க வேண்டும். விடை சுமார் 1160 வாட், அதாவது மூன்று 400 வாட் பேனல். இதையே 5.5 மணி நேரம் கிடைக்கும் நல்ல மாதத்துக்குப் போட்டால் 740 வாட் போதும் என்று வரும். கோடையில் அருமையாக ஓடியது, இப்போது ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணின் இடைவெளிதான் பதில்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரு நாள் செலவை வாட்-அவரில் எழுதினோம், இன்வெர்ட்டரின் பங்கையும் சேர்த்தோம், மோசமான மாதத்து வெயிலை வைத்துப் பேனலைக் கணக்கிட்டோம். பேட்டரியைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. வரிசை அப்படித்தான்.

பேட்டரி எவ்வளவு பெரிதாக?

வெயில் இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. ஒன்றரை நாள் என்று வைத்தால் 2850-ஐ 1.5-ஆல் பெருக்கிச் சுமார் 4280 வாட்-அவர். ஆனால் பேட்டரியை அடிவரை வழிக்கக் கூடாது. ஈயத் தகடும் அமிலமும் கொண்ட லெட் ஆசிட் பேட்டரியில் பாதி வரை எடுப்பது நல்லது. அதற்கு மேல் ஆழமாக இறக்கினால் ஆயுள் குறையும். அதன்படி சுமார் 8600 வாட்-அவர் பேட்டரி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், அதனால் 5350 போதும். லித்தியத்தின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் குணமும் வேறு. லெட் ஆசிட் அடிக்கடி முழுதாக நிரம்பியே ஆக வேண்டும். பாதி வயிற்றோடு நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. இதற்கு சல்பேஷன் என்று பெயர். லித்தியத்துக்கு அந்த நோய் இல்லை, பாதியில் இருந்தாலும் அதற்குச் சுகம்தான். ஆனால் பேட்டரி செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் நிரந்தரச் சேதம்.

இரண்டாவது பேட்டரி ஏன் காப்பாற்றுவதில்லை

நம் வீட்டில் 1200 வாட் பேனல் போட்டிருக்கிறோம். மோசமான மாதத்தில் ஒரு சராசரி நாளின் வரவு 1200 × 3.5 × 0.7, அதாவது 2940 வாட்-அவர். செலவு 2850. மிச்சம் 90. தாளில் பார்த்தால் கணக்கு சரிதான். இப்போது ஒன்றரை நாள் வானம் மூடிக்கொண்டு பேட்டரியிலிருந்து 4000 வாட்-அவர் போய்விட்டது என்று வையுங்கள். தினம் 90 வீதம் சேர்த்து அதை நிரப்ப 44 நாள் ஆகும். அதற்குள் இன்னொரு மேகமூட்டம் வராமல் இருக்குமா?

இந்த நிலையில்தான் "பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது" என்ற புகார் வருகிறது. பேட்டரி இறங்கவில்லை, ஏறவே இல்லை. இங்கே இன்னொரு பேட்டரியைச் சேர்த்தால் அதே 90 வாட்-அவர் மிச்சம் இரண்டுக்கும் பங்கு போகும். லெட் ஆசிட் என்றால் இரண்டும் பாதி வயிற்றிலேயே கிடந்து சேர்ந்தே சல்பேஷனுக்குப் பலியாகும். அந்தப் பணத்தில் ஒரு பேனலைச் சேர்த்தால் கதை மாறுகிறது. 1600 வாட்டுக்கு வரவு 3920, மிச்சம் 1070. அந்த 4000 நான்கே நாளில் நிரம்பிவிடும்.

ஆகவே சமநிலைக்குப் போட்ட கணக்கு போதாது. இழந்ததை நாலைந்து நாளில் மீட்கும் அளவுக்கு உபரி வேண்டும். என்னைக் கேட்டால், பேனலா பேட்டரியா என்ற சந்தேகம் வந்தால் பேனல் பக்கமே சாய்வேன். மேகமூட்டத்திலும் அது கொஞ்சமாவது தரும், பேட்டரி போல சில வருடத்தில் தேயவும் தேயாது.

நடுவில் இருப்பவை

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் நிற்கிறது. பேட்டரிக்கு எவ்வளவு வோல்ட்டில், எவ்வளவு நேரம் ஏற்ற வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. பிடபிள்யூஎம் வகை, பேனலின் வோல்ட்டேஜைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்து இறக்கிவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்ப் தரக்கூடிய 100 வாட் பேனலை 13 வோல்ட் பேட்டரியோடு அப்படி இணைத்தால் கிடைப்பது 72 வாட் அளவுதான். எம்பிபிடி வகை, பேனல் அதிகபட்சம் தரும் இடத்தைத் தேடிப்பிடித்து, கூடுதல் வோல்ட்டைக் கூடுதல் ஆம்ப்பாக மாற்றித் தரும். ஒற்றை விளக்குக்குப் பிடபிள்யூஎம் போதும். வீட்டுக்கு எம்பிபிடிதான்.

எம்பிபிடியில் ஒரே ஓர் எச்சரிக்கை. குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் ஏறும். பேனல்களைத் தொடராக இணைக்கும்போது, மிகக் குளிர்ந்த விடியற்காலையில் வரக்கூடிய வோல்ட்டேஜ் கன்ட்ரோலரின் உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கன்ட்ரோலர் எரிந்துபோகும். 25 டிகிரிக்கான எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விளிம்பு வரை இணைப்பது ஆபத்து.

12 வோல்ட்டா, 48 வோல்ட்டா? 1000 வாட் இழுக்க 12 வோல்ட்டில் 83 ஆம்ப் ஓட வேண்டும், 48 வோல்ட்டில் 21 போதும். ஒயரில் சூடாக வீணாவது ஆம்ப்பின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், அதே ஒயரில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டுக்கு 12 வோல்ட்டில் தொடங்காமல் இருப்பது நல்லது. இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் நினைவில் வையுங்கள். அவை கிளம்பும் கணத்தில் வழக்கமான வாட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

பாதுகாப்பில் இரண்டு வரி. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேனலும் பேட்டரியும் உள்ள பக்கத்தில் ஓடுவது ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம், அங்கே டிசிக்கென்றே செய்த பிரேக்கரைத்தான் போட வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கருவிகளுக்கு வரும், திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரத்தில் நொடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொட்டு அணைந்துவிடும் தீப்பொறி டிசியில் அணையாமல் நின்று எரியும்.

போட்ட பிறகு திருத்துவது எப்படி

தாளில் போட்ட கணக்கு நிஜத்தில் அப்படியே நடக்காது. ஓடவிட்டுப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும்: விடியற்காலையில் பேட்டரியில் எத்தனை சதவீதம் மீதி இருக்கிறது, பகலில் எத்தனை மணிக்கு நிரம்புகிறது.

காலை பதினொரு மணிக்கே நிரம்பிவிட்டால், அதற்குப் பிறகு பேனல் தரக்கூடியதெல்லாம் வீண்போகிறது. துவைப்பது, அரைப்பது, தண்ணீர் ஏற்றுவது போன்ற வேலைகளை மதியத்துக்கு மாற்றுங்கள். பகலில் நேராகச் செலவாகும் மின்சாரம் பேட்டரிக்குள் போய்வரும் இழப்பும் இல்லாதது, பேட்டரிக்குத் தேய்மானமும் இல்லாதது. மாலை வரை நிரம்பவே இல்லை என்றால் வரவில் குறை, பேனலையோ செலவையோ பாருங்கள். தினமும் நன்றாக நிரம்பியும் விடிவதற்குள் தீர்ந்துவிட்டால்தான் பேட்டரி சிறியது என்று அர்த்தம். பெரிய உண்டியல் வாங்க வேண்டிய நேரம் அது ஒன்றுதான்.

சதவீதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, சில மணி நேரம் சும்மா கிடந்த பிறகு 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.1 அல்லது 12.2 என்றால் சுமார் பாதி. லோடு ஓடும்போதோ சார்ஜ் ஏறும்போதோ பார்த்தால் பொய் சொல்லும். லித்தியத்தில் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட காலியாகும் வரை அசையாமல் நிற்கும் என்பதால், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று வேண்டும்.

வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் முதலில் நிழலைத் தேடுங்கள். பேனலுக்குள் செல்கள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவை, ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கத் தளரும். இதைச் சமாளிக்க, தளர்ந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போக வழிவிடும் பைபாஸ் டயோடுகள் பொதுவாக மூன்று இருக்கும். அப்படியும் ஒரு குழாயின் நிழலில் பேனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். அடுத்தது சாய்வு. நிலநடுக்கோட்டை நோக்கி, அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ப்பது பொது விதி. மோசமான மாதம் குளிர்காலம் என்றால் இன்னும் 10, 15 டிகிரி நிமிர்த்தினால் பலன் உண்டு. மோசமான மாதம் மழைக்காலமாக இருந்தால் சாய்வை மாற்றிப் பெரிய லாபம் வராது, மூடிய வானத்தில் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும்தான் வருகிறது.

கன்ட்ரோலரில் பேட்டரி வகையைச் சரியாக வைத்திருக்கிறோமா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. திரவ லெட் ஆசிட் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜின் கடைசிக் கட்டத்தில் 14.4 முதல் 14.8 வோல்ட் வரை சில மணி நேரம் தேவை. அது குறைவாக வைக்கப்பட்டிருந்தால் எத்தனை பேனல் இருந்தாலும் பேட்டரி முழுதாக நிரம்பாது. அந்த வோல்ட்டேஜ் வெப்பம் ஏற ஏற டிகிரிக்குச் சுமார் 0.02 வோல்ட் குறைய வேண்டும், அதற்குத்தான் பேட்டரிமேல் ஒட்டும் சென்சார். லெட் ஆசிட்டிலிருந்து லித்தியத்துக்கு மாறினால் இந்த வெப்பத் திருத்தத்தையும் ஈக்வலைசேஷன் என்ற அதிக வோல்ட்டேஜ் சார்ஜையும் அணைத்துவிட வேண்டும். சரியான எண்கள் பேட்டரி தயாரிப்பாளரின் தாளில் இருக்கும், அதற்கு மேல் யார் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

வருடத்தில் ஓரிரு வாரம் மட்டும் இடிக்கிறது என்றால் அமைப்பையே இரட்டிப்பாக்குவது வீண்செலவு. அந்த நாட்களுக்கு ஒரு சிறிய ஜெனரேட்டர் போதும். அதைக் காலையில் ஓட்டுங்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது சார்ஜை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்தை மெதுவாக நிரப்பும் வேலையைச் சூரியனிடம் விட்டுவிடலாம்.

அப்புறம், கணக்கெல்லாம் பார்த்த பிறகும் பேட்டரிதான் கூட்ட வேண்டும் என்று வந்தால், சில வருடம் உழைத்த லெட் ஆசிட்டோடு புதியதைச் சேர்க்காதீர்கள். தொடராக இணைத்தால் பழையது முதலில் தீர்ந்து புதியதையும் இழுத்துக்கொண்டு போகும், இணையாக இணைத்தால் புதியது பழையதன் வேலையையும் சேர்த்துச் செய்து தேயும். மொத்தமாக மாற்றுங்கள், அல்லது பழையது முடியும் வரை செலவைக் குறைத்து ஓட்டுங்கள்.